தாய் சொல்லும் சாட்சியம்

பூச்சோங் நகரத்தை இன்று வைத்திய வசதி குன்றிய இடம் என்று எவரும் சொல்லமாட்டார். ஒரு தலைமுறைக்கு முன்புவரை ரப்பர்த் தோட்டங்களும் ஈயம் எடுத்துக் கைவிட்ட குட்டைகளுமாகக் கிடந்த அந்தப் பூமியில், 1999-ல் டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலை வந்து, 2016-ல் எல்.ஆர்.டி. ரயிலும் வந்து சேர்ந்த பிறகு, மளிகைக் கடைக்கும் அடகுக் கடைக்கும் நடுவே ஒரு கிளினிக்கின் பலகை தென்படாத கடைவரிசை அரிதாகிவிட்டது. ஆயினும், கின்ராராவிலோ பூச்சோங் பெர்டானாவிலோ ஓர் அடுக்குமாடி வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து, தம் குழந்தைக்கு வந்திருப்பது இன்ன வியாதிதான் என்று ஒருவராவது நிச்சயமாகச் சொல்லமாட்டாரா என்று ஏங்கியபடி, மாதக்கணக்காக, சிலசமயம் வருஷக்கணக்காக, ஒரு கதவிலிருந்து மற்றொரு கதவுக்கு நடக்கும் தாய் தந்தையர் இந்நகரத்திலும் உண்டு. அவர்கள் தேடும் அந்த நிர்ணயம் எவ்வாறு கிடைக்கிறது, ஏன் தாமதிக்கிறது, அதில் பெற்றவர்களின் பங்கு என்ன என்பவற்றைச் சாமானிய வாசகர்களுக்கு விளங்கும்படி சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாளாக என் மனத்தில் இருந்த ஆசை.

சளி, இருமல், அம்மை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றைக் குறித்து இங்கே பேச்சில்லை. அவற்றுக்குப் பெயரும் உண்டு, மருந்தும் உண்டு. நான் சொல்வது வேறு வகை. எட்டு மாதத்தில் நிமிர்ந்து உட்கார்ந்த சிசு பத்தாம் மாதத்தில் சாய்ந்து விழத் தொடங்குகிறது. நான்கு வயதுப் பையன் தரையிலிருந்து எழுவதற்குத் தன் முழங்கால்களிலேயே கையை ஊன்றி மேலேறுகிறான். சாதாரணக் காய்ச்சலில் இரண்டு வேளை பால் குடிக்காமற்போன குழந்தை மூன்றாம் வேளைக்குள் மயங்கித் துவண்டுவிடுகிறது. இத்தகைய லக்ஷணங்களுக்கு இரக்கமற்ற ஒரு குணம் உண்டு. வீட்டில் நடு இரவில் தாயின் கண்முன் தோன்றும் அவை, மறுநாள் கிளினிக்கில் டாக்டர் பார்க்கும் பத்து நிமிஷத்தில் தோன்றுவதில்லை. அங்கே குழந்தை சிரிக்கும். மிசியின் கழுத்தில் தொங்கும் அட்டையைப் பிடித்து இழுக்கும். "வளர்ச்சி கொஞ்சம் நிதானமாக இருக்கிறது, ஆறு மாதம் பார்ப்போம்" என்ற வார்த்தையோடு ஒரு விட்டமின் புட்டி கைக்கு வரும். தாய் மிகைப்படுத்துகிறாளோ என்ற சந்தேகம் முதலில் வைத்தியருக்கும், பிறகு மாமியாருக்கும், கடைசியில் அவளுக்கே கூடத் தோன்றிவிடுகிறது.

வைத்தியரை இதில் குறை சொல்வது நியாயமாகாது. மலேசியாவில் 4,000 பேரில் ஒருவருக்கும் குறைவாகக் காணப்படும் வியாதியை அபூர்வ வியாதி என்று வகுத்திருக்கிறார்கள். உலகில் இதுவரை அறியப்பட்ட அபூர்வ வியாதிகளோ 6,000-க்கும் மேல். அவற்றுள் பெரும்பாலானவை பரம்பரைக் கூறுகளால் வருபவை, குழந்தைப் பிராயத்திலேயே தலைகாட்டுபவை. கடைவீதிக் கிளினிக்கில் நாள்தோறும் ஐம்பது பேரைப் பார்க்கும் டாக்டர், இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தம் ஆயுளில் ஒரு முறைகூட நேரில் கண்டிராமல் ஓய்வு பெறக்கூடும். ஒவ்வொன்றும் தனித்தனியே அபூர்வம். எல்லாம் சேர்ந்தாலோ அபூர்வம் அல்ல. மருத்துவ வசதி மிகுந்த ஐரோப்பிய தேசங்களிலேயே முதல் அறிகுறிக்கும் சரியான நிர்ணயத்துக்கும் இடையே சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றேறக்குறைய கழிந்துவிடுகின்றன என்றால், இரண்டு வேலை பார்த்து வாடகை கட்டும் ஒரு குடும்பத்துக்கு இந்தத் தேடல் எவ்வளவு பாரமானது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

நம்முடைய பாட்டிமார் தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் இந்தக் கேள்வியே வேறு விதமாக இருந்தது. விடிவதற்கு முன் பால்மரம் வெட்டப் போகும் தாய், குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வாள். அதற்கு ஏதேனும் வந்தால் தோட்டத்து டிரெசர்தான் வைத்தியர். அவரிடம் இருந்தவை குவினைன், பேதி மருந்து, புண்ணுக்குப் பூசும் அயோடின் முதலிய சில. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அள்ளிக்கொண்டு போன அந்தக் காலத்தில், தானாக வலுவிழந்து மறைந்த குழந்தையின் வியாதி இன்னது என்று கேட்பதற்கு யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. தொக்கம் என்றார்கள், மாந்தம் என்றார்கள், பார்வை பட்டது என்றார்கள், பஞ்சாங்கம் பார்ப்பவர் பாலாரிஷ்டம் என்றார். அந்த வார்த்தைகளை நான் ஏளனம் செய்யமாட்டேன். வேறு எந்த வாயிலும் திறவாத இடத்தில், துக்கத்தைத் தாங்கிக்கொள்ள அவை ஒரு வழியைக் கொடுத்தன. ஆனால் இன்று அதே கிள்ளான் பள்ளத்தாக்கில் வாயில்கள் திறந்திருக்கின்றன. அவற்றை அடைவதற்கு முன் அந்தப் பழைய வார்த்தைகளோடு நின்றுவிடுவது குழந்தைக்குச் செய்யும் நன்மையாகாது.

இப்படிப்பட்ட தேடல்களில் சரித்திரத்தில் பதிவான மிகப் பழைய ஒன்று, வைத்தியராகவும் தந்தையாகவும் இருந்த ஒருவருடையது. இங்கிலாந்தில் கென்ட் ஜில்லாவிலுள்ள டன்பிரிட்ஜ் என்னும் ஊரில் தொழில் நடத்திய வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்பவரின் ஆண் குழந்தை, நான்கு மாதம் வரை நல்ல ஆரோக்கியத்துடன் இருந்து, அதன்பின் தலையைச் சட்டென முன்னே சாய்க்கத் தொடங்கியது. நாளடைவில் அது தலை முழங்காலைத் தொடும் அளவுக்கு வளைந்து வளைந்து நிமிரும் வலிப்பாக முற்றியது. ஒரு முறை வந்தால் பத்து இருபது தடவை தொடர்ந்து வளையும். நாளைக்கு இரண்டு மூன்று முறை வரும். அக்காலத்து முறைப்படி அட்டை விட்டார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள், அபினியும் கொடுத்துப் பார்த்தார்கள்; ஒன்றும் பயன் தரவில்லை. லண்டனுக்கு எடுத்துச் சென்று பெரிய வைத்தியர்களைக் கண்ட பின்னும் தெளிவு பிறக்காததால், வெஸ்ட் 1841-ல் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் பிள்ளைக்கு நேரும் ஒவ்வொரு அசைவையும், அவன் சிரிப்பு மறைந்ததையும், சுற்றியுள்ளவற்றைக் கவனிக்கும் புத்தி மங்கியதையும் வர்ணித்து, இதைப் பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால் வழி சொல்லுங்கள் என்று தம் தொழிற்சகாக்களை வேண்டிக்கொண்டார். உதவி எதுவும் வரவில்லை. அந்தப் பிள்ளை இருபது வயது வரை ஜீவித்து இறந்தான். இன்று அந்த வலிப்புக்கு வைத்திய உலகம் வெஸ்டின் பெயரையே வைத்திருக்கிறது.

கடிதம் வெளிவந்து நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்னரே, 1958-ல், ஒரு ஹார்மோன் ஊசியால் இவ்வலிப்பை அடக்கலாம் என்று தெரியவந்தது. சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்குக் குழந்தையின் மூளை தப்பிக்கிறது. இங்கேதான் தாயின் கண் முக்கியமாகிறது. தூங்கி எழுந்த வேளையில், குழந்தை கைகளை விரித்துத் தலையைச் சாய்த்து, சில விநாடி இடைவெளியில் மறுபடியும் மறுபடியும் அதையே செய்தால், அது வயிற்று வலி என்றோ தூக்கத்தில் உலுக்கிப் போடுகிறது என்றோ சமாதானம் செய்துகொள்ளக் கூடாது. கைத்தொலைபேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டு அன்றைய தினமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வெஸ்ட் பக்கம் பக்கமாக எழுதி விளக்க நேர்ந்ததை இன்று அரை நிமிஷப் படம் காட்டிவிடும். அதைக் கண்ட குழந்தை வைத்திய நிபுணர் உடனே மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்வார்.

என் மனத்தை மிகவும் கவர்ந்த விருத்தாந்தம் இதற்குப் பிந்தியது. நார்வே தேசத்தில் போர்க்னி எகெலாண்ட் என்னும் பெண்மணிக்கு 1927-ல் லிவ் என்ற மகளும், 1930-ல் டாக் என்ற மகனும் பிறந்தார்கள். பிறந்தபோது இருவரும் மற்றக் குழந்தைகளைப் போலவே இருந்தார்கள். பிறகு மெல்ல மெல்லப் பின்னடைந்தார்கள். மகளுக்குச் சில வார்த்தைகளே வந்தன. மகனோ பேசவும் இல்லை, நடக்கவும் இல்லை. தாய் பார்க்காத வைத்தியர் இல்லை என்னும்படி அலைந்தார். போன இடமெல்லாம் அவர் விடாமல் சொல்லிவந்த ஒரு சங்கதி உண்டு: இரண்டு குழந்தைகளின் உடம்பிலும் சிறுநீரிலும் புழுங்கிப் பூஞ்சை பிடித்தாற்போன்ற ஒரு விசித்திர வாடை நீங்காமல் வீசுகிறது, குளிப்பாட்டினாலும் போவதில்லை. அதைக் கேட்ட வைத்தியர்கள் பலருக்கும் அது பொருட்படுத்தத் தக்கதாகத் தோன்றவில்லை. வாடை எப்படி ஒரு நோயின் அடையாளமாக முடியும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

1934-ல் அவருடைய பிடிவாதம் அவரை ஆஸ்லோவில் ஆஸ்பிஜோர்ன் ஃபோலிங் என்னும் வைத்தியரிடம் கொண்டு சேர்த்தது. அவர் முதலில் ரசாயனம் கற்று, அதன்பின் வைத்தியம் கற்றவர். ஆதலால் வாடை என்றதும் அதை உண்டாக்கும் ஒரு வஸ்து இருந்தாக வேண்டும் என்று எண்ணினார். சிறுநீரில் பெர்ரிக் குளோரைடு என்னும் இரும்பு உப்பின் துளிகளை விட்டார். நீரிழிவுக்காரர்களிடம் சிலசமயம் அது செந்நிறம் காட்டும். இந்தக் குழந்தைகளிடமோ கரும்பச்சையாக மாறிச் சிறிது நேரத்தில் மங்கியது. கொடுத்துவந்த மருந்துகளால் இந்த நிறம் வந்திருக்குமோ என்று சந்தேகித்து, எல்லா மருந்தையும் நிறுத்தச் சொல்லி மீண்டும் சோதித்தார். மீண்டும் பச்சையே தெரிந்தது. அந்த வஸ்துவைப் பிரித்தெடுப்பதற்கு இருபது லிட்டருக்கு மேல் சிறுநீர் தேவைப்பட்டது. அவ்வளவையும் சேகரித்துக் கொண்டுவந்து கொடுத்தவர் அந்தத் தாய்தான். பல வார உழைப்புக்குப் பின் அது பினைல்பைருவிக் அமிலம் என்று ஃபோலிங் நிரூபித்தார். மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்களில் 430 பேரைச் சோதித்து மேலும் 8 பேரிடம் அதே அமிலத்தைக் கண்டார். காரணமே இல்லை, தலைவிதி என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒரு மனக்குறைக்குத் திட்டமான ரசாயனக் காரணம் உண்டு என்று உலகம் அன்று தெரிந்துகொண்டது. பிற்காலத்தில் பினைல்கீட்டோனூரியா என்று பெயர் பெற்ற வியாதி அதுவே.

அதன் இயக்கம் எளிதாக விளங்கக்கூடியது. பால், பருப்பு, முட்டை, இறைச்சி ஆகிய எல்லாப் புரத உணவிலும் பினைல்அலனின் என்னும் அமினோ அமிலம் இருக்கிறது. கல்லீரலிலுள்ள ஓர் என்சைம் அதை வேறொன்றாக மாற்றி உடலுக்குப் பயன்படுத்துகிறது. அந்த என்சைம் பிறவியிலேயே குறைந்திருந்தால், பினைல்அலனின் இரத்தத்தில் தேங்கி, வளர்ந்துவரும் மூளையைக் கெடுக்கிறது. மிகுந்ததில் ஒரு பகுதி உருமாறி அந்த வாடையுடன் வெளியேறுகிறது. உயிர் கொடுக்கும் தாய்ப்பாலே அந்தக் குழந்தைக்கு மெல்ல மெல்லக் கெடுதி செய்கிறது என்பதை நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது. எகெலாண்டின் குழந்தைகளுக்கு இந்த அறிவு உதவவில்லை, காலம் கடந்திருந்தது. சீன மண்ணைப் பற்றி நாவல்கள் எழுதி 1938-ல் நோபல் பரிசு பெற்ற பேர்ல் பக் அம்மையாரின் மகளுக்கும் இதே வியாதிதான். 1920-ல் பிறந்த அந்த மகளைத் தூக்கிக்கொண்டு சீனத்திலிருந்து அமெரிக்கா வரை வைத்தியர் வைத்தியராகச் சென்றவர் அவர். அப்போது இந்த வியாதி உலகில் எவருக்கும் தெரியாது. தம் மகளுக்கு வந்தது இன்னதென்று அவர் அறிந்தது பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே.

காரணம் தெரிந்துவிட்டது, பரிகாரம் வேண்டுமே. 1951-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனையில் ஹோர்ஸ்ட் பிக்கல் என்னும் வைத்தியர் ஒரு சிறுமிக்கு இந்த வியாதி என்று கண்டுபிடித்தார். பெயரைக் கேட்டுத் திருப்தியடைந்து வீடு திரும்ப அவள் தாய் இசையவில்லை. நாள்தோறும் காலையில் சோதனைச்சாலை வாசலில் வந்து நின்று, என் குழந்தைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுடைய நச்சரிப்பிலிருந்து, நச்சரிப்பு என்று நான் மரியாதையோடுதான் சொல்லுகிறேன், பினைல்அலனின் நீக்கிய ஒரு பால்மாவு பிறந்தது. அதை உண்ட சிறுமி சில மாதங்களில் தவழ்ந்தாள், எழுந்து நின்றாள், வாடையும் மறைந்தது. இது மாவின் பயன்தானா, தாயின் ஆசையால் வந்த தோற்றமா என்று அறிய, வைத்தியர்கள் தாய்க்குத் தெரிவிக்காமலே அந்த மாவில் நீக்கிய பொருளை மீண்டும் சேர்த்தார்கள். இன்றைய நெறிமுறை இதை ஒப்பாது. எனக்கும் இது உவப்பாக இல்லை. ஆனால் நடந்தது கவனிக்கத்தக்கது. சில நாட்களிலேயே குழந்தை பின்னடைந்துவிட்டது என்பதை எதுவும் அறியாத அந்தத் தாயே கண்டு சொன்னாள். அவள் கண்ணை நம்பித்தான் அந்தப் பரீட்சை நடந்தது. 1953-ல் லான்செட் பத்திரிகையில் வெளியான நிரூபணத்துக்கு அவள் கண்டதும் ஓர் ஆதாரம் ஆயிற்று.

அதற்கு அடுத்த படியில் ஏறியவரும் ஒரு தந்தையே. அமெரிக்காவில் பஃபலோ நகரத்து நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர் ராபர்ட் கத்ரி மனவளர்ச்சி குன்றிய ஒரு மகனைப் பெற்றவர். அவர் மனைவியின் உறவில் ஒரு பெண் குழந்தைக்கு இதே பினைல்கீட்டோனூரியா, அதுவும் காலம் தாழ்த்திக் கண்டறியப்பட்டது. பிறந்த சிசுவின் குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தை வடிதாளில் உலர்த்திச் சோதிக்கும் முறையை 1960-களின் தொடக்கத்தில் அவர் வகுத்தார். வியாதி வெளிப்படும் முன்பே, மாவு உதவக்கூடிய காலத்திலேயே, அதைக் கண்டுகொள்ளும் வழி அன்று பிறந்தது.

இனி நம் தேசத்துக்கு வருவோம். மலேசிய அரசாங்க மருத்துவமனையில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து இரண்டு குறைகளைச் சோதிக்கிறார்கள். ஒன்று ஜி6பிடி என்னும் என்சைம் குறைவு. இது உள்ள குழந்தைக்கு அந்துருண்டையின் நெடிகூடச் சிவப்பணுக்களை உடைத்துவிடலாம். மற்றொன்று பிறவித் தைராய்டு குறைவு. கண்டுகொள்ளாவிட்டால் புத்தி வளர்ச்சியே நின்றுவிடும், கண்டுகொண்டால் விலை மலிந்த ஒரு மாத்திரையில் குழந்தை முற்றிலும் நன்றாக வளரும். இவ்விரண்டு சோதனைகளும் எத்தனை குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கின்றன என்பதை எண்ணினால் நன்றி பெருகுகிறது. ஆனால் பினைல்கீட்டோனூரியா முதலிய வளர்சிதைமாற்றப் பிறவிக் குறைகளுக்கான விரிவான சோதனை நாடு முழுதும் எல்லாச் சிசுக்களுக்கும் நடப்பதில்லை. அறிகுறி கண்ட குழந்தைக்கு வைத்தியர் கேட்டால் நடக்கும். ஆகவே சந்தேகம் வரவேண்டும். சந்தேகம் வருவதற்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் தாய்தான்.

இந்தச் சோதனைகளைச் செய்யும் இடம் நமக்குத் தூரத்தில் இல்லை. 1900-ல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், தோட்டத் தொழிலாளர்களை வாட்டிய மலேரியாவையும் பெரிபெரியையும் ஆராய்ந்த அதே ஸ்தாபனம், இன்று உலர்ந்த இரத்தப் பொட்டிலும் சிறுநீரிலும் இத்தகைய குறைகளைத் தேடிக்கொடுக்கிறது. தலைநகரின் மகளிர்–குழந்தைகள் மருத்துவமனையான துங்கு அசீசாவில் மரபியல் பிரிவு இருக்கிறது. லெம்பா பந்தாயிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் மரபியல் நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவ்விடங்களுக்கு நேரே போய்க் கதவைத் தட்ட முடியாது, வேறொரு வைத்தியர் எழுதி அனுப்பும் லெட்டர் வேண்டும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிப் பார்த்து, அங்கிருந்தோ தனியார் கிளினிக்கிலிருந்தோ லெட்டர் பெற்று, செர்டாங்கிலோ கிள்ளானிலோ உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தை நிபுணரைக் கண்டு, அவர் மூலமாக மரபியல் நிபுணரை அடைவதே வழக்கமான மார்க்கம். நாட்டில் அத்தகைய நிபுணர்கள் மிகச் சிலரே; அதனால் அப்பாயின்மெண்ட் பல மாதம் தள்ளி வரும். சொந்தப் பணத்தைத் தனியார் மருத்துவமனைகளில் ஸ்கேனுக்கு மேல் ஸ்கேனாகச் செலவழித்துத் தீர்ந்த பிறகு இந்த வரிசையில் வந்து நிற்பதைவிட, தொடக்கத்திலேயே லெட்டரைக் கேட்டுப் பெற்று வரிசையில் பெயரைப் பதிந்துவிடுவது மேல் என்பது என் திடமான அபிப்பிராயம். கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

இன்னும் ஒரு விஷயம். வளர்ச்சி தாமதமாவது ஒன்று; வந்த வளர்ச்சி திரும்பிப் போவது வேறு. பேசிய வார்த்தையை மறப்பது, நின்ற குழந்தை நிற்க முடியாமற்போவது, பார்த்துச் சிரித்த கண் சிரிக்காமற்போவது ஆகியவற்றுக்கு ஆறு மாதக் காத்திருப்பு பொருந்தாது. அதுபோலவே, அடிக்கடி விழுந்து, முழங்காலில் கையூன்றி எழும் ஆண்பிள்ளைக்குத் தசைச்சிதைவு உண்டா என்பதை அறியக் கிரியாட்டின் கைனேஸ் என்னும் ஓர் எளிய இரத்தப் பரிசோதனையே முதற்படி. மற்ற நுண்ணிய சோதனைகளெல்லாம் அதன் பின்னரே. பையனின் கெண்டைக்கால் பருத்துத் தோன்றுவதால், நல்ல பலசாலியாக வளருகிறான் என்று உற்றார் புகழ்வதும், தாய் மட்டும் உள்ளுக்குள் கலங்குவதும் இந்த வியாதியில் நடக்கும்.

இக்காலத்தில் மரபணுக்களையே படித்துப் பார்க்கும் வசதி வந்துவிட்டது. மனிதனுடைய ஏறத்தாழ 20,000 மரபணுக்களிலும் புரதம் செய்யக் கட்டளையிடும் பகுதிகளை ஒரே சோதனையில் வாசித்து, எங்கேனும் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆயினும் இதன்மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை வைத்து ஏமாறக் கூடாது. சோதனைக்கு வரும் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்குச் சற்றேறக்குறைய விடை கிடைக்கிறது; மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றோ, ஒரு மாற்றம் தெரிகிறது, அது தீங்கானதா என்று சொல்ல முடியவில்லை என்றோ முடிவு வரும். ஒரு மாற்றம் ஆரோக்கியமான மனிதர் பலரிடமும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அதன் தன்மையை எடை போடுகிறார்கள். அதற்கான தொகுப்புகளில் மிகப் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தாருடையது. நம்மவர்களின் மரபணு வாசிப்பு அதில் குறைவாக இருப்பதால், நம் குழந்தைக்கு நிச்சயமற்ற விடை வரும் வாய்ப்பு அதிகம். சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய 4,810 பேரின் மரபணுத் தொகுதியை முழுவதும் வாசித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் குறையை ஓரளவு தீர்க்கும் முயற்சி. இத்தகைய தொகுப்புகள் பெருகப் பெருக, இன்று விளங்காத அதே அறிக்கை சில ஆண்டுகளில் விளங்கக்கூடும்; ஆதலால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மறுவாசிப்பு செய்ய முடியுமா என்று பெற்றோர் கேட்க வேண்டும். இதைப் பலர் அறிவதில்லை.

நம் சமூகத்தில் பேசத் தயங்கும் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அத்தை மகனையும் மாமன் மகளையும் மணப்பது நம்மிடையே பழைய வழக்கம். மலேசியாவில் இப்போது குறைந்து வந்தாலும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஒவ்வொரு மனிதரும் சில மறைவான மரபணுக் குறைகளைச் சுமந்தே பிறக்கிறோம். ஜோடியில் ஒன்று நன்றாக இருப்பதால் அவை வெளிப்படுவதில்லை. ஒரே பாட்டன் வழி வந்த இருவர் மணக்கும்போது, ஒரே குறையை இருவரும் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அவ்வாறு சுமந்திருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு குழந்தை பாதிக்கப்பட இடமுண்டு. உறவில் மணந்தோரின் பிள்ளைகள் மிகப் பெரும்பாலும் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆகவே வைத்தியர், நீங்கள் சொந்தமா என்று கேட்டால் அது குற்றம் சாட்டும் கேள்வி அல்ல; நிர்ணயத்துக்கு வேண்டிய தகவல். மூன்று தலைமுறையில் சிறு வயதில் இறந்த குழந்தைகள், பேச்சு வராத சித்தப்பா, நடை தளர்ந்த மாமா இவர்களைப் பற்றிக் கௌரவம் பார்க்காமல் சொல்லிவிட வேண்டும். அதைவிட முக்கியம், பழியை மருமகளின் தலையில் ஏற்றுவதை நிறுத்துவது. மேலே சொன்ன வகை வியாதியில் தந்தை தாய் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பாதி வந்தாலன்றி நோய் வருவதே இல்லை. பெரும்பாலும் தாய் வழியாக வரும் தசைச்சிதைவு போன்றவற்றிலும் அவள் அறிந்தோ விரும்பியோ கொடுத்தது ஒன்றும் இல்லை. கர்ப்பத்தில் என்ன தின்றாய், எந்தக் கிரகணத்தில் வெளியே போனாய் என்று கேட்டுக் கேட்டு ஒரு பெண்ணை ஊமையாக்கிவிட்டால், நிர்ணயத்துக்கு வேண்டிய மிகச் சிறந்த சாட்சியை நாமே வாய் மூடச் செய்தவர்களாகிறோம்.

அந்தச் சாட்சியம் செவி ஏறுவதற்கு ஓர் உபாயம் உண்டு. அது எழுதி வைப்பது. முதன்முதல் எப்போது கண்டோம், எந்த வேளையில், பட்டினிக்குப் பின்னா காய்ச்சலோடா, எவ்வளவு நேரம், எந்தக் கை, எந்தக் கால், அதன்பின் தூங்கியதா அழுததா என்பவற்றைத் தேதியோடு குறிக்க வேண்டும். தமிழில் எழுதினால் போதும். லெட்டர் வாங்கப் போகும்போது படித்த தம்பியோ மகளோ அதை மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கத்தில் சுருக்கிக் கொடுக்கலாம். குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் எடையும் உயரமும் தலைச் சுற்றளவும் குறித்த பக்கங்களை யாரும் கேட்காவிட்டாலும் நீட்ட வேண்டும். தலை மட்டும் வேகமாகப் பெருப்பதும், வளராமல் நிற்பதும் அந்த வளைகோடுகளில்தான் தெரியும். வாடை, சிறுநீரின் நிறம், வியர்வையின் மணம் முதலியவை அற்பம் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. பல கிளினிக்குகளில் கொடுத்த மருந்துச் சீட்டுகளை ஒரே கோப்பில் வைத்துக்கொள்வதும், பாட்டி கொடுத்த கஷாயத்தையும் மறைக்காமல் சொல்வதும் அவசியம். மருந்து காரணமா, நோய் காரணமா என்பதை ஃபோலிங் முதலில் பிரித்தறிந்தது நினைவிருக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பெயர் கிடைக்காத குழந்தைகள் இருக்கத்தான் செய்வார்கள். பெயர் தெரியும்வரை ஒன்றும் தொடங்கக் கூடாது என்று எண்ணுவதே பெற்றோர் செய்யக்கூடிய பெரும் பிழை. இறுகிய தசைக்குப் பயிற்சி, பேச்சுக்குப் பயிற்சி, காதும் கண்ணும் சரியா என்ற சோதனை, விழுங்கத் திணறும் குழந்தைக்கு உணவை அமைக்கும் முறை, இவற்றில் எதற்கும் நோயின் பெயர் தேவையில்லை. சமூகநலத் துறையில் மாற்றுத்திறனாளியாகப் பதிவதற்கும், அத்துறையின் ஆதரவோடு வட்டாரந்தோறும் நடக்கும் மறுவாழ்வு மையங்களில் குழந்தையைச் சேர்ப்பதற்கும் வைத்தியர் குறைபாட்டை உறுதிசெய்து கையெழுத்திட்டால் போதும். அந்தக் குறைபாட்டின் மூலகாரணம் கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. 2004-ல் தொடங்கிய மலேசிய அபூர்வ நோயாளர் சங்கத்தில், இதே பாதையில் முன்னே நடந்த பெற்றோர்களைச் சந்திக்கலாம். அடுத்த குழந்தையை விரும்புகிறவர்கள் கர்ப்பம் தரிக்கும் முன்பே மரபியல் நிபுணரிடம் தம் கோப்பை எடுத்துச் சென்று, இரண்டாம் முறை வர எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முதற்குழந்தையின் இரத்தத்தையோ மரபணுவையோ சேமித்து வைத்திருக்கிறார்களா என்பதையும் அதே சமயத்தில் விசாரித்துக் கோப்பில் எழுதிக்கொள்ளலாம். முதற்குழந்தை உயிருடன் இல்லாத குடும்பங்களுக்கு நிர்ணயத்தின் வழி பிற்காலத்தில் திறப்பது பெரும்பாலும் அந்தச் சேமிப்பினால்தான்.